பெருசு மடங்காது

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ‘செக்கிங்’ என்றுதான் சொல்வார்கள். ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. வேலையைப் பஸ்ஸிலேயே இறக்கிவைத்துவிட்டு வருகிற ஆளாக இருந்தால் பரவாயில்லை, இவர் வீட்டுக்கும் கையோடு கொண்டுவந்துவிடுவார். பால் பாக்கெட்டைக் கையில் ஏந்தி எடை குறைகிறதோ என்று பார்ப்பார். எதிர்வீட்டுக்காரர் சிரித்துவிட்டுப் போனால், ஏன் சிரித்தான் என்று சாயங்காலம் வரை யோசிப்பார். மனைவி தும்மினால்கூட நிஜத் தும்மலா என்று ஒரு பார்வை உண்டு. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கே அந்த அம்மாளுக்குத் தனியாக ஒரு மெடல் குத்தலாம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். மகள் கல்யாணத்துக்கு முன்னால் அவர் அடித்த கூத்துதான் சிரிக்கிற மாதிரி இல்லை. மாப்பிள்ளைப் பையன் வேலை பார்க்கிற ஆபீஸ் வாசலில் போய் நின்றுகொண்டு, வாட்ச்மேனிடம் துருவித் துருவி விசாரித்தார். மகள் அறைக்குள் போன் பேசினால் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருநாள் அவள் கதவைப் படாரென்று திறந்தாள். கையும் களவுமாக என்பார்களே, இவர் காதும் களவுமாக அகப்பட்டுக்கொண்டார். கல்யாணம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் அதற்கப்புறம் மகள் போன் செய்து இவர் எடுத்துவிட்டால் “அம்மாகிட்ட குடுங்க” என்பாள். அவ்வளவுதான் பேச்சு. பெற்றதே ஒரே பெண். போனை மனைவியிடம் நீட்டிவிட்டு மொட்டைமாடிக்குப் போய், காய்ந்த துணியையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை ஒரு யோசனையோடு வந்தான். ஏரிக்கரையில் கூடாரம் போட்டு சனி, ஞாயிறு தங்கலாம், நாலு பேருமாகப் போகலாம் என்றான்.

“கூடாரம், அடுப்பு, நாற்காலி எல்லாம் இருக்கு மாமா. மடக்கு மேஜை ஒண்ணுதான் இல்லை. நீங்க கூட வந்து பாத்து எடுத்துக் குடுங்க. உங்க கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது.”

வேறு யாராக இருந்தாலும் உச்சி குளிர்ந்திருக்கும். செக்கிங்குக்கு உள்ளே மணி அடித்தது. எல்லாம் இருக்கிறதாம், மேஜை மட்டும் இல்லையாம். அதை நான் பார்க்க வேண்டுமாம். இதில் என்னவோ இருக்கிறது என்று, அவன் போனதும் மனைவியிடம் சொன்னார்.

“ஒரு மண்ணும் இல்லை,” என்றாள் மனைவி. “பொண்ணு வீட்ல கூப்பிட்டு நாம போறது இதான் முதல் தடவை. இதையும் கெடுத்துத் தொலைச்சீங்கன்னா இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டா. வாயை மூடிக்கிட்டு வந்து ஒரு மேஜையை எடுங்க.”

அவருக்கும் அது தெரியாமலா இருக்கும்? அன்றைக்கு ராத்திரி ‘இந்தத் தடவை வாயைத் திறக்கமாட்டேன்’ என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். அந்தச் சத்தியம், நாலு பேருமாகப் போன கடையின் வாசல் வரைக்கும் தாக்குப்பிடித்தது.

கடைக்காரப் பையன் முதலில் விரித்துக் காட்டியது அலுமினியப் பட்டைகளைக் கோத்துச் செய்த மேஜை. பாய் மாதிரி சுருட்டிப் பைக்குள் போட்டுவிடலாம். செக்கிங் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அதன்மேல் நிற்கவைத்தார். பட்டைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் பாட்டில் சாய்ந்தது.

“டீ தம்ளர் வச்சா?”

“தட்டு ஒண்ணு போட்டு அதுமேல வச்சுக்கலாம் சார்.”

“தட்டு வைக்கத்தானப்பா மேஜை? மேஜைக்கே ஒரு தட்டா?”

அடுத்தது பெட்டி மாதிரி இரண்டாக மடிகிற பெரிய மேஜை. நாலு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். “எண்பது கிலோ தாங்கும் சார்,” என்றான் பையன். “யாரு ஏறிப் பார்த்தா?” என்றார் இவர். ஆனால் மேலே தட்டியபோது வந்த சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. மனைவியும், “இது நல்லா இருக்குங்க, அகலமா,” என்றாள். மூன்றாவதாக வந்தது சின்ன மேஜை. காலை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், மேடு பள்ளத்திலும் நிற்கும் என்றான் பையன். இவ்வளவு நல்லது என்றால் ஏன் இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறான்? செக்கிங் அதைக் குப்புறக் கவிழ்த்து, திருகாணி திருகாணியாக விரல் வைத்து ஆட்டிப் பார்த்தார். மகள் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தாள்.

பெரியதையே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, அதே மேஜை வேறு விலையில் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க அவர் பின்பக்க அலமாரி வரிசைக்குள் போனார். அங்கே நிற்கும்போதுதான் அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

“பெருசு வேண்டாம். சொன்னாக் கேளு.”

செக்கிங் அப்படியே நின்றார். வயசான மனுஷனைப் பெருசு என்று சொல்கிற உலகம்தானே இது.

“அம்மா ஆசைப்படுறாங்களே,” என்றாள் மகள்.

“அத்தை ஆசைப்பட்டா ஆச்சா? யாரு தூக்கிச் சுமக்கிறது? லேசுல மடங்கவும் மாட்டேங்குது. எங்க தொட்டாலும் கீச்சுக் கீச்சுன்னு சத்தம். மழையில நனைஞ்சா வேற வீங்கிக்கும். கூட்டிக் கழிச்சுப் பாத்தா பெருசால நமக்குத் தொல்லைதான்.”

“அதுவும் சரிதான். ஆனா அப்பாகிட்ட யாரு சொல்றது?”

“நீயே சொல்லு. நான் சொன்னா சண்டைதான் வரும்.”

மடங்கமாட்டேங்குதாம்! போன மாசம் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டதை மனைவிதான் உளறியிருக்க வேண்டும். மருமகன் பேசியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவன் வந்து சேர்ந்தவன். இவள் ‘அதுவும் சரிதான்’ என்கிறாளே! தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த பெண். கண் கலங்கியது. சட்டென்று துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“எதை சார் பேக் பண்ணட்டும்?” என்றான் பையன்.

“எதையோ பண்ணு. நான்தான் போகப்போறதில்லையே.”

“என்னப்பா இது திடீர்னு?” என்றாள் மகள்.

“திடீர்னு எல்லாம் இல்லை. பெருசு வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணியாச்சுல்ல? தூக்கிச் சுமக்க முடியாது, மடங்காது, கீச்சுக் கீச்சுன்னு கத்தும், நனைஞ்சா வீங்கிக்கும். பெருசு வீட்லயே கிடக்கட்டும். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க!”

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். பாவம், விஷயம் புரியாத கடைக்காரப் பையன்தான் முந்திக்கொண்டான்.

“அதேதான் சார்! அண்ணனும் அதைத்தான் சொன்னாரு. பெருசு கொஞ்சம் பாரம்தான். கீல்ல எண்ணெய் விட்டுத் தரேன், சத்தம் போயிடும்னு சொன்னேன். பலகைதான் சார், தண்ணி பட்டா ஊறிக்கும். சின்னதையே எடுங்க.” சொல்லிக்கொண்டே பெரிய மேஜையின் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினான்.

செக்கிங் மேஜையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, தன் மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். செக்கிங்கும் அசடு வழியச் சிரித்தார், இதோடு போய்விடும் என்ற நம்பிக்கையில்.

மகள் சிரிக்கவில்லை.

“அலமாரிக்குப் பின்னாடி நின்னு கேட்டீங்களா?”

“நான் விலை பாக்கத்தாம்மா போனேன். காதுல விழுந்துச்சு.”

“விழட்டும். அது போகட்டும்ப்பா.” அவர் எதிரே வந்து நின்றாள். “பால்காரனை நம்பமாட்டீங்க. கடைக்காரனை நம்பமாட்டீங்க. ஒரு திருகாணியைக்கூடச் சந்தேகப்பட்டீங்க. உங்க பொண்ணு உங்களைப் பெருசுன்னு சொல்லி வீட்ல போட்டுட்டுப் போவாங்கிறதை மட்டும் கேட்ட உடனே நம்பிட்டீங்களே. இதுல ஒரு சந்தேகம்கூட வரலையாப்பா உங்களுக்கு?”

எத்தனையோ பேரைப் பஸ்ஸில் நிற்கவைத்துத் திணறடித்த ஆள். இந்த ஒரு சந்தேகம் மட்டும் வரவே இல்லை. அதை நினைக்க நினைக்க அவருக்கே தன்மேல் வெறுப்பாக வந்தது.

“தப்புதாம்மா,” என்றார் கடைசியில். மனைவி திரும்பிப் பார்த்தாள், காது சரியாகத்தான் கேட்டதா என்று. “நான் வரட்டுமா?”

மகள் சின்ன மேஜைக்குப் பணம் கட்டி, அதை வண்டியில் ஏற்றினாள். கதவைச் சாத்தும்போதுதான் சொன்னாள்.

“சனிக்கிழமை விடிஞ்சதும் வாசல்ல நில்லுங்க. வருவோம். ஆனா எங்க இருக்கீங்க, கிளம்பியாச்சா, ஏன் லேட்டுன்னு ஒரு போன் வரக்கூடாது. வந்துதுன்னா வண்டியைத் திருப்பிடுவேன்.”

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே இரண்டு பைகளோடு வாசலில் நின்றார். பேப்பர் போட்டுவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டில் காரைக் கழுவித் துடைத்து, அதில் ஏறியும் போய்விட்டார்கள். வெயில் சுள்ளென்று ஏறி வாசற்படி சுட்டது. வண்டியைக் காணோம். வேண்டுமென்றே வராமல் இருக்கிறாளோ? மாப்பிள்ளை தடுத்துவிட்டானோ? இருவருமாகச் சேர்ந்து சிரித்துக்கொண்டே இந்நேரம் ஏரிக்கே போய்விட்டார்களோ? கை சட்டைப்பைக்குப் போனது. போனை எடுத்தார். மகள் பெயரைத் திரையில் பார்த்தார். அப்புறம் உள்ளே பார்த்து, “இந்தா, இதை நீ வச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காதே,” என்று மனைவி கையில் திணித்துவிட்டு மறுபடியும் வந்து வெயிலில் நின்றார்.

முனையில் ஹாரன் கேட்டது. வண்டி வந்து நின்றது. மகள் கண்ணாடியை இறக்கி, இவரை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“கை துறுதுறுன்னு இருந்துச்சு,” என்றாள் அம்மா. “ஆனா கூப்பிடலைடி.”

மகள் முன்சீட்டிலிருந்து இறங்கினாள். வியர்த்து வழிந்துகொண்டு நின்றவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

“டயர் பஞ்சர்ப்பா,” என்றாள். “ஏறுங்க.”

எந்த டயர் என்று அவர் கேட்கவில்லை.