பூனாகலைக் கூட்டத்துக்கு வந்தவர்கள்

ஜீவராணி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். உயர்தரம் வரை படித்து, பதுளையில் ஒரு கடையில் பில் அடித்துக்கொண்டிருந்தபோது, தாய்லாந்தில் அலுவலக வேலை இருப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். அங்கே விமான நிலையத்தில் ஏற்றிய வான் வண்டி நகரத்துக்குப் போகவில்லை. காட்டுப் பாதையில் நாள் முழுக்க ஓடி ஓர் ஆற்றங்கரையில் நின்றது. அக்கரை மியன்மார்.

அங்கே உயர்ந்த மதிலுக்குள் ஒரு வருஷத்துக்குக் கிட்ட அடைத்து வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு நம்பர் மாறி வந்ததுபோல் செய்தி அனுப்ப வேண்டும். மறுநாள் சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும். அப்புறம் அன்பாகப் பேசி, கடைசியில் அந்த மனிதரின் சேமிப்பையெல்லாம் கறந்துவிட வேண்டும். மறுத்தவர்களுக்கு அடி. ஊரிலிருந்து ஓர் ஆளை வரவழைத்துக் கொடுத்தால் விட்டுவிடுவதாகவும் ஆசை காட்டினார்கள். ஜீவராணி யார் பெயரையும் சொல்லவில்லை. ராணுவம் அந்த இடத்தைச் சுற்றி வளைத்த பிறகுதான் ஊர் திரும்பினாள்.

பதுளையில் ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்யும் ஷம்ரா அவளைத் தேடி வந்தாள். உலகம் முழுக்க நடக்கும் ஆட்கடத்தலைப் பற்றித் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்கிற வேலை அவளுடையது.

"நாங்க படம் போட்டுக் காட்டினா ஆக்கள் கொட்டாவி விடுறாங்க. நீங்க வந்து பேசினா கேப்பாங்க," என்றாள் ஷம்ரா.

ஜீவராணி பேசினாள், சனமும் கேட்டது. சுவரில் உலகப் படத்தைக் காட்டி, எந்தெந்த நாட்டுப் பிள்ளைகள் அந்த மதிலுக்குள் இருந்தார்கள் என்று விரல் வைத்துச் சொல்லும்போது ஒருவரும் கொட்டாவி விடமாட்டார்கள். முடிந்ததும் அவளுடைய நம்பர் அச்சடித்த நோட்டீஸைக் கொடுப்பார்கள்.

பூனாகலையில் மட்டும் இளைஞர்கள் வேறு மாதிரிக் கேள்வி கேட்டார்கள். அங்கே ஏசி இருந்ததா, இங்கிலீஷ் எவ்வளவு தெரிய வேண்டும் என்றெல்லாம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எல்லா எடமும் அப்படித்தானாக்கா? நல்ல எடமும் இருக்கும்ல?" என்று பணிவாகக் கேட்டாள். நல்ல சேலை, சிரித்த முகம். பிறகு நாற்காலிகளை அடுக்கவும் உதவினாள். பெயர் விதுஷா என்றாள். ஷம்ராவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் ஜீவராணியின் போனுக்குத் தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து செய்தி வந்தது. "மன்னிக்கணும், இது சுரேஷ் சாரோட நம்பர்தானே?"

அதே வரியை அவள் இங்கிலீஷில் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பாள். பதில் போடாமல் விட்டாள். மறுநாள், "தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்று வந்தது.

தேத்தண்ணி. தேநீரை அப்படி எழுதுகிறவன் இந்த மலையில் பிறந்தவன்.

"நீ எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள்.

பதில் வந்தது. "பூனாகலை. நிஷாந்த். உங்க நம்பர் நோட்டீஸ்ல இருந்துச்சு. பின்னாடி ஆள் நிக்குது."

"யாரு அனுப்பினாங்க?"

"கூட்டத்துல நாற்காலி அடுக்கின அக்கா. நீங்க போனது கள்ள வழியாம், இது நேர் வழியாம்."

அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

ஷம்ராவும் ஜீவராணியும் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார்கள். எழுதி எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் ஷம்ரா, "வெளிநாடு போக ஆசையுள்ள ஆக்களையெல்லாம் நாங்களே ஒரு எடத்துல கூட்டி உட்கார வச்சிருக்கோம். அவ வந்து பொறுக்கிட்டுப் போயிருக்கா," என்றாள்.

அன்றே ஜீவராணி பூனாகலைக்கு பஸ் ஏறினாள். நிஷாந்தின் தாய் நல்லம்மாவின் வீட்டுக்குள் கால் வைத்தபோது, உள்ளே விதுஷா உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, ஒக்காருங்க," என்று விதுஷா இடம் விட்டாள். பக்கத்தில் நிஷாந்தின் தங்கை கிருஷாந்தி புது பாஸ்போட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சியையும் அனுப்பச் சொல்லி மகன் பேசி அனுப்பியிருக்கான்," என்று நல்லம்மா போனை இயக்கினாள். நிஷாந்தின் குரல் வந்தது. நல்லா இருக்கேம்மா. எடம் நல்ல எடம். தங்கச்சியச் சுருக்கா அனுப்பு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற குரல்.

"இது அவன் பேச்சில்லம்மா. பேச வைக்கிறாங்க. ஆளக் கொண்டுவந்தா விடுறோம்னு எனக்கும் சொன்னாங்க."

விதுஷா கோபப்படவில்லை. "அக்கா அங்க ரொம்பப் பாடுபட்டவங்க. மனசு இன்னும் ஆறல. பாவம்," என்று நல்லம்மாவிடம் மெல்லச் சொன்னாள்.

அடுத்த வீட்டுப் பெண்கள் வாசலில் கூடி ஜீவராணியை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தான் சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. நிஷாந்த் எழுதியதைக் காட்டினாள். நல்லம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கிருஷாந்திதான் வாசித்தாள். 'பின்னாடி ஆள் நிக்குது' என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள்.

நல்லம்மா எழுந்து மகளின் கையிலிருந்த பாஸ்போட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீங்க போங்க," என்றாள். அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. இருவருமே வெளியே வந்தார்கள். பாதையில் விதுஷா, "பாத்துப் போங்கக்கா, வழுக்கும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

கிருஷாந்தி போகவில்லை. நிஷாந்திடமிருந்து அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பெண்ணை அனுப்பியிருந்தால் பையன் வந்திருப்பான் என்று லயத்தில் சிலர் பேசுவதும், நல்லம்மா அதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் ஜீவராணிக்குத் தெரியும். ஒருமுறை ஹாலிஎல சந்தையில் நேருக்கு நேர் கண்டபோது நல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றே ஜீவராணி போன் எடுத்துச் சொல்லியும், விதுஷாவைப் பொலிஸ் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

கூட்டங்களை நிறுத்திவிடலாமா என்று ஷம்ரா கேட்டாள். நிறுத்தினாலும் அவர்கள் வரத்தான் செய்வார்கள் என்றாள் ஜீவராணி. இப்போது விதுஷாவின் பெயரையும் அடையாளத்தையும் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறாள். போன வாரம் ஹாலிஎலப் பக்கத் தோட்டமொன்றில் என்றைக்குமில்லாத கூட்டம். நாற்காலி போதாமல் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். அப்படி நின்றவர்களில் பாதிப் பேர் யாரென்று அந்தத் தோட்டத்துத் தலைவருக்கே தெரியவில்லை. நல்ல உடுப்பு, சிரித்த முகங்கள்.