மேலே பார்க்கும் குருவிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில், இணுவிலில் எங்கள் வாசிகசாலையின் ஆண்டுவிழாவுக்கு மண்டபத்தை அலங்கரிக்கும் பொறுப்பை நானும் மச்சாளும் கேட்டு வாங்கினோம். மச்சாள் என் தம்பியின் மனைவி; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். வழக்கமான கடதாசிக்கொடி வேண்டாம், மண்டபம் முழுவதையும் குருத்தோலையில் மடித்த குருவிகள் கோத்த கயிறுகளால் நிரப்புவோம் என்றாள். விதி வைத்தது நான். ஒவ்வொரு கயிற்றிலும் முதல் ஓலைக்குருவிக்கும் இரண்டாவதற்கும் இடையே ஒரு விரல், அடுத்ததற்கு இரண்டு, பிறகு மூன்று, இப்படியே கடைசிவரை. ஆளுக்காள் விரல் வேறுபடும் என்பதால் என் விரல்தான் அளவு.

விழாவன்று விடியவே குருத்து வந்துவிட்டது. கீறல், மடிப்பு, முடிச்சு, அளவு, மறுபடி கீறல். முதலில் கை வலித்தது. பிறகு கை தானாக ஓடத் தொடங்கியது. எங்களுக்குக் கதைக்கவும் மறந்துபோனது. மதியம் கயிறுகளைக் கூரை வளைகளில் கட்டித் தொங்கவிட்டோம். மேலே நெருக்கம், கீழே வரவர ஐது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டரான எங்கள் தலைவர் வாசலில் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"பிள்ளையள், ஆரின்ரை செத்தவீடு இது?"

அப்போதுதான் கண்டோம். நல்ல காரியத்துக்குக் கட்டும் தோரணத்தில் குருவித்தலை மேலே பார்க்கும். சாவீட்டில்தான் கீழே பார்க்கும். இடைவெளியிலேயே கண்ணாயிருந்து இதைக் கோட்டைவிட்டிருந்தோம். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுக் கடதாசிக்கொடி கட்டச் சொல்லிவிட்டு அவர் உடுப்பு மாற்றப் போனார். புதிதாகக் கட்ட ஓலையும் இல்லை, நேரமும் இல்லை.

"கயிறைத் தலைகீழாய்க் கட்டுவம் மச்சாள்," என்றாள் அவள்.

"அப்ப நெருக்கம் கீழையெல்லோ வரும்?"

"வரட்டுமன். உங்கடை விதி உடையேல்லைத்தானே."

ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு கயிறாகத் திருப்பத் திருப்ப மண்டபமே வேறாகிக்கொண்டு வந்தது. மேலே வெறுமை, முகத்துக்கு நேரே அடர்ந்த இளமஞ்சள். கையால் விலக்காமல் ஓரடி வைக்க முடியவில்லை. நான் நினைத்துப் பார்த்ததைவிட எவ்வளவோ நன்றாயிருந்தது. மச்சாள் உள்ளே நின்று சிரிப்பது கேட்டது, ஆளைக் காணவில்லை.

தலைவர் திரும்பி வந்தார். ஒரு குருவியைப் பிடித்து அதன் தலையைப் பார்த்தார். பிறகு ஓலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை. வேட்டிக்கரை மட்டும் அங்குமிங்கும் நகர்ந்தது. வழக்கம்போல் முற்றத்துப் பந்தலில் ஆட்கள் இருக்கக் கதிரைகளைப் போட்டுவிட்டு, கூட்டம் தொடங்க அவரைக் கூப்பிட்டார்கள்.

"நான் வரேல்லை," என்றது உள்ளிருந்து குரல். "கதிரையளை இஞ்சை கொண்டு வாங்கோ."