ஹொங்கொங்கில் வாங்கிய பச்சைக் காப்பு

என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஒரு நாள் தொலைபேசியில் எடுத்து, தான் ஒரு சீனப் பிள்ளையைக் கலியாணம் செய்ய விரும்புவதாகச் சொன்னான். இரண்டு நாள் வீட்டில் வேறு கதையே இல்லை. மூன்றாம் நாள் நானே அவனுக்கு எடுத்தேன்.

"சரி, அவையின்ர வழக்கத்தில மாப்பிள்ளையின்ர தாய் பொம்பிளைக்கு என்ன குடுக்கவேணும்?"

"ஒண்டும் தேவையில்லை அம்மா."

"அது நீ சொல்லுறது. அந்தப் பிள்ளையிட்டக் கேட்டுச் சொல்லு."

அன்றைக்குப் பின்னேரம் பதில் வந்தது. சில வீடுகளில் மாமியார் மருமகளின் கையில் ஜேட் காப்புப் போட்டுவிடுவார்களாம். கட்டாயம் இல்லையாம்.

"ஜேட் எண்டா?"

"ஒரு பச்சைக் கல்லம்மா. தங்கத்தில பதிக்கிறதில்ல. கல்லையே குடைஞ்சு காப்பா எடுக்கிறது."

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். காசை அனுப்பி, நீயே அங்கே பார்த்து வாங்கு என்று மகனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் முகத்தைப் படத்தில் மட்டும் பார்த்த ஒரு பிள்ளைக்கு நான் கொடுக்கப்போகும் முதல் பொருள் அது. என் கையால் தூக்கிப் பார்த்து, இன்னது என்று தெரிந்து வாங்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்னொன்றையும் மறைக்கத் தேவையில்லை. ஒரு கல்லைக் கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி எனக்குள் புகுந்துவிட்டால் லேசில் வெளியே போகாது.

முதலில் உப்புவெளியில் வெளிநாட்டவர்களுக்குப் பொருள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். புல்லுப் பச்சையில் பளபளவென்று ஒரு காப்பை எடுத்துக் காட்டி, "அசல் ஜேட், அன்ரி" என்றார் கடைக்காரர். பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையால் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்ன உருண்டைக் குமிழிகள், சோடாப் போத்தலில் நிற்பதுபோல. உருக்கி வார்த்த கண்ணாடியில்தான் அப்படிக் குமிழி நிற்கும். காப்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் உடனே பாதி விலை சொன்னார்.

பிறகு நகரத்தில் எங்களுக்கு வழக்கமாக நகை செய்து தருபவரிடம் கேட்டேன். "நீலக்கல் கொண்டாங்கோ, சிவப்புக் கொண்டாங்கோ, பாத்துச் சொல்லுவன். இது எங்கட மண்ணில இல்லாத சாமான். பச்சையா எதைக் கண்டாலும் எங்கட சனம் மரகதம் எண்டுதான் சொல்லும்" என்று சிரித்தார்.

ஆகவே நானே தேடி வாசித்தேன். அசல் கல் கையில் எடுத்தவுடன் குளிரும். கைச்சூடு ஏற நேரமாகும். அளவுக்கு மிஞ்சிய பாரம் இருக்கும். சாயம் ஏற்றிய கல் என்றால், வெடிப்புகளில் நிறம் சிலந்திவலைபோலச் சேர்ந்து நிற்கும். அமிலத்தில் ஊறவைத்து அழுக்கை நீக்கி, உள்ளே பிசின் ஏற்றி விற்கிற கல்லும் உண்டு. புற ஊதாக்கதிர் விளக்கின் கீழே அது நீலம் பாய்ந்து ஒளிரும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அடர்த்தி. கண் ஏமாறும், தராசு ஏமாறாது என்று வகுப்பில் பெருமையாகச் சொல்கிறவள் நான். ஜேட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல மூன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் கூட என்று வாசித்துக் குறித்துக்கொண்டேன்.

ஆசிரியர் அறையில் இந்தக் கதையையே கதைத்துக்கொண்டிருந்தபோது, கிண்ணியாவிலிருந்து வருகிற ஆசிரியை ஒருவர் கேட்டார், "குறிஞ்சாக்கேணில எங்கட பெரியப்பா ஒராள் இரிக்கார். கப்பல்ல சமையல் வேல செஞ்சவர். அவர்ட்ட ஹொங்கொங்கில வாங்கின பச்சைக் காப்பு ஒண்டு இரிக்கு. பாக்கிறீங்களா?"

அந்தச் சனிக்கிழமையே போனேன். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி, ஆட்டோ பிடித்து, களப்போரமாக இருந்த வீட்டுக்குப் போனபோது அவர் கதிரையில் இருந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது தாண்டியவர், உறுதியான தோள். அங்கே வழங்குகிற மாதிரி, நான் அவரை அண்ணன் முறையில் நானா என்றும், அவருடைய மனைவியை அக்கா முறையில் ராத்தா என்றும் கூப்பிட்டேன்.

காப்பு ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள், கைலேஞ்சியில் சுற்றி இருந்தது. நான் இணையப் படங்களில் பார்த்த இளம்பச்சை இல்லை. கடைந்த கீரையின் நிறம். அங்கங்கே மிளகுத்தூள் தெறித்ததுபோலக் கறுப்புப் புள்ளி. பளபளப்புக்குப் பதிலாக எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுக்கம். கையில் எடுத்தேன், சில்லென்றது.

"கலியாணம் முடிச்ச புதுசில, முதல் பயணத்தில வாங்கினது டீச்சர். ரெண்டு மாசச் சம்பளம் போச்சு. கொண்டு வந்து குடுத்தா, இவ கையில போட மாட்டன் எண்டுட்டா."

குசினிக்குள்ளிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "தங்கம் கொண்டு வருவாரெண்டு பாத்துக்கிட்டிருந்த எனக்கு போத்தல் கண்ணாடியக் கொண்டு வந்தா ஆரு போடுவா?"

"நாப்பது வருசமா இதான் கத" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிடிச்சா உங்களுக்கே தாரன், வாங்காட்டியும் சரி. நான் அண்டைக்கு ஏமாந்தனா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

பாடசாலைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் தெரியும் என்றேன். காப்பை என்னிடம் தந்துவிட அவருக்கு மனமில்லை. தானே கொண்டு வருவதாகச் சொன்னார்.

அதிபரிடம் அனுமதி கேட்டு அடுத்த சனிக்கிழமை ஆய்வுகூடத்தைத் திறந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டில், வைத்தியரைப் பார்க்க வந்தவர்போல அவர் வாங்கின் நுனியில் இருந்தார். மருந்துக்கடையில் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா டோர்ச்சை இரவல் வாங்கி வைத்திருந்தேன். யன்னல்களைச் சாத்தி, அதை அடித்தேன். காப்பு ஒளிரவில்லை. பிசின் இல்லை. வில்லையில் குமிழி இல்லை. வெடிப்பில் சாயம் இல்லை. ஒவ்வொன்றையும் நான் சொல்லச் சொல்ல, அவர் முகம் மலர்ந்துகொண்டு வந்தது.

கடைசியாகத் தராசு. காற்றில் ஐம்பத்துமூன்று கிராம். பிறகு நூலில் கட்டி, முகவைக் குவளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். முப்பத்தைந்து. வித்தியாசம் பதினெட்டு, காப்பின் பருமனுள்ள தண்ணீரின் நிறை அது. ஐம்பத்துமூன்றைப் பதினெட்டால் பிரித்தேன். மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. காப்பைத் துடைத்து மறுபடி செய்தேன். அதே எண்.

"என்ன டீச்சர்?"

"ஜேட் எண்டா இதைவிடப் பாரமா இருக்கவேணும் நானா. இது ஜேட் இல்லை."

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! அவர் கொஞ்ச நேரம் தராசின் இலக்கத்தையே பார்த்தார். "அப்ப அவ சொன்னது சரிதான்" என்றார். காப்பைக் கைலேஞ்சியில் சுற்றி, சேட்டுப் பைக்குள் வைத்தார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டார். எங்கள் நகரத்தில் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று வாசலடியில் படுத்திருக்க, அதைச் சுற்றிக்கொண்டு அவர் றோட்டுக்கு இறங்கியதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லிங்கநகரில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பிச் சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன். அந்த எண் என்னை விடவில்லை. ஜேட் இல்லை என்றேன், சரி. அப்படியென்றால் அது என்ன? கண்ணாடி என்றால் இரண்டரைதான் வரும். பச்சை நிறத்தில் ஜேட் என்று ஏமாற்றி விற்கிற மற்றக் கற்கள் பலதும் அதையொட்டித்தான் வரும். மூன்றுக்குக் கிட்ட வருகிற பச்சை எது? மாணவர் ஒருவர் இப்படி விடையின் பாதியோடு பேனையை மூடிவைத்தால் நான் எவ்வளவு ஏசுவேன்.

மூன்று நாளாகத் தேடினேன். விடை கிடைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஜேட் என்ற பெயர் ஒரு கல்லுக்கு உரியதே இல்லை. இரண்டு வேறு கற்களுக்கு அந்த ஒரே பெயர். ஒன்று ஜேடைட், நான் குறித்துவைத்த எண்ணும் நான் பார்த்த இளம்பச்சைப் படங்களும் அதற்கு உரியவை. மற்றது நெஃப்ரைட். சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குடைந்து போற்றிவந்தது முக்கியமாக இதைத்தான். கீரைப்பச்சை, எண்ணெய் மினுக்கம், கறுப்புப் புள்ளி. அடர்த்தி மூன்றுக்குச் சற்றுக் குறைவு.

தராசு பிழை சொல்லவில்லை. நான்தான் பாதி வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் நேரே குறிஞ்சாக்கேணிக்குப் பஸ் ஏறினேன். என்னைக் கண்டதும் நானா எழுந்து நின்றார், முகத்தில் சிரிப்பில்லை.

"நான் சொன்னது பிழை நானா. மன்னிக்கவேணும்" என்று தொடங்கி, இரண்டு கல், ஒரு பெயர் என்பதை விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "அண்டைக்கும் இப்படித்தானே உறுதியாச் சொன்னீங்க" என்றார்.

அது எனக்கு உறைத்தது. "ஓம். அதாலதான் இண்டைக்கு நான் உறுதியா ஒண்டும் சொல்லேல்லை. என்ர தராசும் வில்லையும் இதுக்கு மேல சொல்ல ஏலாது. கொழும்பில இரத்தினக்கல் பரிசோதிக்கிற இடம் இருக்கு. சம்மதமெண்டா கொண்டு போவம். செலவு என்ர."

அவர் யோசித்தார். ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வெளியே வந்தார். "குடுங்க. போய்ப் பாத்து வரட்டும். எனக்கும் தெரியணும்" என்றார்.

கொழும்புக்கு நானாவும் நானும் ரயிலில் போனோம். வழியெல்லாம் அவர் கப்பல் கதைகள் சொன்னார்: புயலில் அடுப்பிலிருந்து எப்படிக் கறிச்சட்டி பறக்கும், ஹொங்கொங் கடைக்காரக் கிழவி காப்பை ஒரு நூலில் தொங்கவிட்டு இன்னொரு கல்லால் எப்படித் தட்டிக் காட்டினாள் என்று. "மணி மாதிரிக் கேட்டுது டீச்சர். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் வாங்கின" என்றார். விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கிப்போகும். அந்தக் கிழவி அவருக்கு உண்மையான சோதனையைத்தான் காட்டியிருக்கிறாள். நான் அதைச் சொன்னபோது அவர் வெளியே வயலைப் பார்த்துச் சிரித்தார்.

சான்றிதழ் வர ஒரு வாரம் சென்றது. இயற்கையான நெஃப்ரைட் ஜேட், நிறம் ஏற்றப்படவில்லை, பிசின் இல்லை. குறிஞ்சாக்கேணி வீட்டில் இருவருக்கும் நான் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நாப்பது வருசமா இவர நான் சும்மாவா ஏசின?" என்றார் ராத்தா.

நானா கண்ணாடியைக் கழற்றி, சாரத்தின் நுனியால் நெடுநேரம் துடைத்தார். பிறகு ரின்னைத் திறந்து, காப்பை என் பக்கம் நீட்டினார். "சொன்ன சொல் மாற மாட்டன். உங்கட மருமகளுக்கு எடுங்க."

நான் கையை நீட்டுமுன் ராத்தா அதை வாங்கிவிட்டார். கையில் ஏற்றிப் பார்த்தார். பெருவிரல் மூட்டோடு நின்றுவிட்டது. திரும்ப அழுத்தினார், ஏறவில்லை. ஆனாலும் அதைக் கழற்றவில்லை. விரல்களில் மாட்டியபடியே, "தர ஏலாது டீச்சர். குறை நினைக்காதீங்க. எனக்கெண்டு வாங்கினது" என்றார்.

வெறுங்கையோடு திரும்பியதில் எனக்கு ஏமாற்றம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் பாலத்தில் ஏறியபோது, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இதைவிட மோசமாக இருந்திருக்கும் என்றும் தெரிந்தது.

கலியாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு சிங்கப்பூர் போனேன். மருமகளாக வரப்போகிறவளும் அவளுடைய தாயும் என்னை ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மகன் மொழிபெயர்த்தான். நான் முதலில் கேட்டது விலையை இல்லை. "இது ஜேடைட்டா, நெஃப்ரைட்டா? சாயமோ பிசினோ ஏத்தியிருக்கினமா?" என்று கேட்டேன். கடைக்காரப் பெண் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, முன்னால் பரப்பியிருந்த தட்டை எடுத்து வைத்துவிட்டு, உள்ளேயிருந்து வேறொரு தட்டைக் கொண்டு வந்தாள்.

அதிக விலையில்லாத, இளம்பச்சை ஓடிய ஒரு வெள்ளைக் காப்பைத் தெரிவுசெய்தேன். கடைக்காரப் பெண் மருமகளின் கையில் மெல்லிய பொலித்தீன் பையைச் சுற்றி, பெருவிரலை உள்ளே மடக்கி, ஒரே தள்ளில் காப்பை ஏற்றிப் பையை உருவி எடுத்தாள். அந்தப் பிள்ளை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த கடையின் வில்லையைக் காட்டி, நான் அதற்குள் எதைத் தேடினேன் என்று கேட்டாள். வில்லையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தேன். சீனிக்கட்டிபோல ஒன்றோடொன்று நெருங்கி நிற்கிற மணிகளைக் கண்டதும் அவள் வியந்து ஏதோ சொன்னாள். அந்த ஆசையில், பக்கத்தில் நின்ற தாயின் மணிக்கட்டில், அவருடைய மாமியார் போட்டுவிட்ட பழைய காப்பையும் பார்க்க வில்லையோடு குனிந்தாள்.

தாய் சிரித்தபடியே கையைப் பின்னால் இழுத்து, ஏதோ சொல்லி, சட்டைக் கைக்குள் காப்பை மறைத்துக்கொண்டார். "இதைச் சோதிக்க வேண்டாமாம்" என்றான் மகன்.