உம்மு குல்தூமின் வெள்ளை உடுப்பு

பண்டாரவளையில் ஒரே தையல்கடையில் நானும் உம்மு குல்தூம் அக்காவும் இருபது வருசமாகப் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிறோம். நான் பாக்கியலெட்சுமி, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். அக்கா டவுனிலேயே பிறந்த முஸ்லிம். டவுனில் எந்த முஸ்லிம் வீட்டில் புருஷன் இறந்தாலும் அன்றைக்கே துணியோடு ஆள் வந்துவிடும். இறந்தவரின் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் வீட்டில் இத்தா இருப்பார். அதுவரை வெள்ளை உடுப்புத்தான், மருதோண்டி, நகை எதுவும் கூடாது. அந்த வெள்ளையைத் தைப்பது எப்போதும் அக்காதான்.

அக்காவின் புருஷன் ஜஸீல் ஆமியில் சிப்பாய். 2008 செப்டம்பரில் வடக்கே நடந்த சண்டையில் அவரைக் காணவில்லை என்று கடிதம் வந்தது. காணவில்லை என்றுதானே எழுதியிருக்கிறது, செத்துவிட்டார் என்று இல்லையே என்று அக்கா ஒரே பிடியாக நின்றார். அந்த டிசம்பரில் அக்காவின் தங்கச்சி ரிஸ்காவுக்குக் கல்யாணம். சொந்தக்காரிகள் அக்காவைப் பார்த்துப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முழங்கை வரைக்கும் மருதோண்டி போட்டு, சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு கல்யாண வீட்டின் நடுவில் போய் நின்றார்.

"என்ட மாப்புள உசிரோட இரிக்கார். நான் ஏன் வெறுங்கையோட நிக்கணும்?"



வருசா வருசம் மே மாதம் பதுளையில் படைவீரர் நினைவுத்தூபியில் அஞ்சலி நடக்கும். அக்கா பஸ் ஏறிப் போவார். ஆனால் உள்ளே போகமாட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, வருகிற சிப்பாய்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜஸீலோடு இருந்த யாராவது ஒருவர் வந்து ஒரு சேதி சொல்லமாட்டாரா என்ற ஆசை. இது என்ன வேண்டாத அலைச்சல் என்று நான் ஏசாத வருசம் கிடையாது.

இந்த வருசம் ஏப்ரலில் இன்னொரு கடிதம். கூட இருந்த ஒருவர் இப்போதுதான் சாட்சி சொல்லியிருக்கிறாராம். காணாமற்போன அன்றைக்கே, செப்டம்பர் பதினாலாம் தேதியே, ஜஸீல் இறந்துவிட்டாராம். பெயரைக் கல்லில் பொறிக்கிறோம், வாருங்கள் என்று அழைத்திருந்தார்கள். தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். மேடையில் பேசியவர்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. வெயிலில் நின்ற தாய்மாருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத்தான் ஆள் இல்லை. எல்லாரும் பூ வைத்தார்கள். அக்கா கையேந்தி துஆ கேட்டார். பிறகு பெயரின் மேல் விரலை வைத்தார், அதன் பக்கத்தில் இருந்த தேதியிலும் வைத்தார்.

"கல்லு சுடுது, பாக்கியம்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும்போது பதுளைக் கடையொன்றில் வெள்ளைத் துணி எடுத்தார். மறுநாள் அதைத் தனக்கென்று தைத்தார். எத்தனையோ பெண்களுக்குத் தைத்த கை, இதற்கு மட்டும் நாள் முழுக்க எடுத்துக்கொண்டது.

"இனி நாலு மாசத்துக்கு என்னத் தேடாத. பதினேழு வருசமா நான் அழல்ல. இப்ப ஒழுங்கா இருந்து அழுதுட்டு வாறன்" என்றார்.

எதற்கும் முறையாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று மௌலவி வீட்டுக்குப் போனோம். நல்ல மனிதர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"ராத்தா, மாப்புள மவுத்தான நாளிலருந்துதான் இத்தாட கணக்கு. செய்தி பிந்தி வந்தாலும் அப்படித்தான். உங்கட இத்தா 2009 ஜனவரியிலேயே முடிஞ்சிட்டு. இனி நீங்க இருக்கத் தேவல்ல."

பாரத்தை இறக்கி வைப்பதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம். அக்கா செப்டம்பரிலிருந்து விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். டிசம்பரில் விரல் நின்றுவிட்டது.

"அதுக்குள்ளதான் நான் மருதோண்டி போட்டன்."

தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்று மௌலவி சொன்னார். அக்கா தலையை ஆட்டினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று ரோட்டிலேயே சத்தம் போட்டேன். முடிந்துபோன பிறகு இத்தா இருந்தால் அது நடிப்பு என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தார். மறுநாள் காலை வழக்கமான நீலச் சேலையில் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் ஹல்துமுல்லையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஷிப்னா என்று இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, புருஷன் விபத்தில் போய்விட்டாராம், உடனே வெள்ளை வேண்டுமாம். அக்கா பையைத் திறந்து தனக்குத் தைத்திருந்ததை எடுத்தார். பக்கத்துக்கு இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்து, மடித்துக் கொடுத்தார். வந்தவர்கள் படியிறங்கும்போது அக்கா கூப்பிட்டார்.

"அந்தப் புள்ளய நல்லா அழ விடுங்க. ஒருத்தரும் தடுக்க வாணாம்."

பிறகு, பாதியில் கிடந்த பள்ளிக்கூட உடுப்பை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். அக்கா இன்னும் அழவில்லை.