வராதவரைத் தேடிப் போன ஆரோக்கியசாமி

பஸ் கண்டக்டர்தான் வந்து சொன்னார்: "சிஸ்டர், நம்ம ஆரோக்கியசாமி போயிட்டாருங்க. காலையில நெஞ்சுவலிங்க." மருந்துக்காகக் காத்திருந்தவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தத் துக்கத்தில் யார் மறுபடி போதைப் பவுடரைத் தொடுவார்களோ என்று பயந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். மலைமேல் ஒண்டிக்கடை நிறுத்தத்துக்கு அருகே இரண்டு அறைகளில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை கொடுத்துவந்தோம். மருந்து கொடுப்பது என் வேலை. வராதவர்களைத் தேடிப் போவது அவர் வேலை. அக்கம்பக்கம் அறியாதிருக்க, ஆரஞ்சு நாற்று கேட்டு வந்தவர்போலப் போவார். அப்படி வாங்கிய நாற்றுகளே அவர் வீட்டைச் சுற்றி மரமாகி நின்றன.

மறுபடி போதை ஊசி போட்டவருக்கு இடமில்லை என்பது அப்போது எங்கள் விதி. இரண்டு மாதம் ஒழுங்காக வந்த லாரி டிரைவர் பழனி, ஒருநாள் கண் சொருகி வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். மதியம் அதைக் கேட்டதும் ஆரோக்கியசாமியின் முகம் வெளுத்தது.

"ரெண்டு மாசமா உடம்பு அத விட்டிருந்துச்சுங்க. இனி பழைய அளவு போட்டா தாங்காதுங்க."

என்னையும் அழைத்துக்கொண்டு பழனியின் ஊரான கொட்டச்சேட்டுக்குக் கிளம்பினார். பழனியின் மனைவி வாசலை மறித்தாள். "அவரு ஊட்ல இல்லீங்க, போங்க."

"போலீசுக்குச் சொல்ல வரலீங்கம்மா. உசுரோட பாக்கணும், அவ்வளவுதானுங்க."

அவள் எஸ்டேட்டின் காப்பிக் கிடங்கைக் காட்டினாள். மூட்டைகளுக்கிடையே பழனி நீலம்பாரித்த உதடுகளோடு கிடந்தார். மூச்சு எப்போதோ ஒன்று வந்தது. ஆரோக்கியசாமி வாயோடு வாய் வைத்து ஊதினார். அவள் ஓடிப்போய் எஸ்டேட் ஜீப்பை அழைத்து வந்தாள். சேலம் போய்ச் சேரும்வரை இருவரும் மாறி மாறி ஊதினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பழனியின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழனி பிழைத்தார். கண் விழித்ததும், "எம் பேர அடிச்சிருப்பீங்களே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போட்டாலும் வாங்க. போட்டுட்டேன்னு சொல்லிட்டு வாங்க. வராம மட்டும் இருந்துடாதீங்க" என்றார் ஆரோக்கியசாமி.

அத்தோடு அந்த விதி போயிற்று. அதன்பின் இரண்டு முறை தவறிய பழனி, இரண்டு முறையும் தானே வந்து சொன்னார்.

அன்று சேலத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், "நான்தானே அனுப்பினேன்" என்று அழுதேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எனக்கும் நொம்பப் பயமுங்க சிஸ்டர். அதனாலதான் தேடி நடக்கறேன்" என்றார்.

அந்தப் பயத்தைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடக்கம் முடிந்த மறுநாள் பழனி வரவில்லை. அறையைப் பூட்டிவிட்டு அவரைத் தேடிப் போனேன். தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் போடலீங்க சிஸ்டர்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.