விறைத்த கைக்கு ஒரு துவக்கு

சிக்னோர் நினோவை நான் கடைசியாக உயிரோடு கண்டபோது, அவர் தன் கடை மேசைக்குப் பின்னால் நின்று, மீன் ஐஸ் நிறைந்த வாளிக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை விட்டிருந்தார். தூர தேசம் போகவிருந்த மகளுக்கு ஒரு துவக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துவக்குக் கடை, அதாவது துப்பாக்கிக் கடை என்பது, ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கற்பனையைக் காசு கொடுத்துச் சொல்ல வரும் இடம். சப்பாத்துக் கடையோ நகைக் கடையோ, மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கால் உளைந்த உங்களுக்கு நான் சொல்வது விளங்கும். இத்தாலியின் பலெர்மோவில், வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்தக் கடையில் நான் கண்ணாடி துடைத்தேன், துவக்குக் கட்டைகளுக்கு எண்ணெய் பூசினேன், வாளி சுமந்தேன். ஆளுக்கேற்றதைத் தெரிந்தெடுத்து விற்றவர் சிக்னோர் நினோ. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கதைக்கக் கேட்டதும், அவர் வாசித்துப் போட்ட சஞ்சிகைகளை அகராதி வைத்து நான் வாசித்ததும்தான்.

வேலை கிடைத்த கதை

என் மனைவி பிலோ வேலை செய்த வீட்டு அம்மா, அந்த சிக்னோராதான் என்னை அங்கே அனுப்பினார். முதல் நாள் சிக்னோர் நினோ என்னை மேலும் கீழும் பார்த்து, "துவக்கைக் கண்டால் பயமா?" என்று கேட்டார். மன்னாரில் வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போகிறவன் நான். பொய் சொல்ல வரவில்லை. ஓம் என்றேன். "நல்லது, நாளைக்கு வா. பயமில்லாதவனை நான் மேசைக்குப் பின்னால் விடுவதில்லை" என்றார். சேவியர் என்ற என் பெயரை அன்றே சாவேரியோ ஆக்கிவிட்டார்.

அன்று பின்னேரம் மாதா கோவிலில் பிலோ எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்த மனிசன், இஞ்சை அதுக்கே தூசி தட்டுறார்."

அழுக்கு ஐஸ்

எங்கள் கடைக்கு வேட்டைக்காரர்கள்தான் கூடுதலாக வருவார்கள். ஆனால் இடைக்கிடை வேறு ஒரு வகையினர் வருவார்கள்: ஆளில்லாத காட்டிலோ பனிப் பிரதேசத்திலோ வருடக்கணக்கில் தனியாக இருக்கப் போகிறவர்கள். அவர்கள் வந்தால் சிக்னோர் நினோ எனக்குக் கண் காட்டுவார். நான் வாளியோடு சந்தைக்குப் போய் ஐஸ் எடுத்து வர வேண்டும். முதல் தடவை, பக்கத்து பாரில் கெஞ்சி, கண்ணாடி போன்ற சுத்தமான ஐஸ் கொண்டுவந்தேன். அப்படியே திருப்பி அனுப்பினார். மீன் கடையில், மீன் கிடந்து வழுவழுத்த ஐஸ்தான் வேண்டுமாம்.

வாடிக்கையாளர் அந்த வாளிக்குள் கையை விட்டு, விரல் விறைக்கும் வரை நிற்க வேண்டும். பிறகு வெடிமருந்தில்லாத பொய்த் தோட்டாவைத் துவக்கில் போட்டு எடுத்துக் காட்ட வேண்டும். முடிந்தால் அந்தத் துவக்கு அவருக்கு. முடியாவிட்டால் என்ன விலை சொன்னாலும் இல்லை. கை வேலை முடிந்ததும், உப்பு ஏறாமல் துவக்கைத் துடைத்து எண்ணெய் பூசுவது என் பாடு. ஏன் சுத்தமான ஐஸ் உதவாது என்று கேட்டேன்.

"சாவேரியோ, காட்டிலை ஒருத்தனும் கை கழுவிப்போட்டுத் துவக்கை எடுக்கிறேல்லை. ஒண்டில் இரத்தம், இல்லாட்டிச் சேறு."

மொண்டெல்லோக்காரர்

மொண்டெல்லோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வட தேசத்துக் காட்டில் குடிசை போட்டு வாழப் போவதாக வந்தார். கைத்தொலைபேசியில் வீடியோக்கள் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். அவர் கேட்ட ரைபிளில் தூரக்கண்ணாடி, டார்ச், மடிக்கும் தோள்கட்டை எல்லாம் இருந்தன. சிக்னோர் நினோ மறுப்புச் சொல்லவில்லை. எடுத்து மேசையில் வைத்துவிட்டு எனக்குக் கண் காட்டினார்.

விறைத்த கையால் அவர் முதலில் டார்ச்சைக் கொளுத்தினார். பிறகு கட்டையை மடித்தார். தோட்டா மட்டும் உள்ளே போகவில்லை. நிலத்தில் உருண்டது, குனிந்து எடுத்தார், திரும்ப உருண்டது. "கரடி இன்னும் வரவில்லை, ஆறுதலாகப் போடுங்கோ" என்றார் சிக்னோர் நினோ. அந்த மனிதர் நல்ல மனிதர். கையைத் துடைத்துக்கொண்டு தானே சிரித்தார்.

"நான் மொண்டெல்லோவிலையே இருக்கிறன். அங்கை கடிக்கிறது வாடிக்கையாளர் மட்டும்தான்."

பனியில் இருந்த அம்மா

வெள்ளைத் தலையோடு ஒரு அம்மா வந்தார். கல், மண் ஆராய்கிறவர். பனிப் பிரதேசத்தில் பல குளிர்காலம் இருந்தவர், திரும்பவும் போகப் போகிறவர். வாளியைக் கண்டதும் கேள்வி கேட்காமல் சட்டைக் கையை மடித்தார். சிக்னோர் நினோ கதிரையை விட்டு எழுந்து நின்றார். அவர் யாருக்கும் எழும்புவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இருவரும் கதைத்ததில் எனக்கு விளங்கியது இது. பெரிய மிருகத்துக்கென்று ரைபிள் கொண்டுபோனால், பெரிய மிருகம் தினம் வராது. பசி தினம் வரும். இரட்டைக்குழல் துவக்கென்றால் சிறு குண்டுத் தோட்டாவில் பறவையும் முயலும், ஒற்றைக் குண்டுத் தோட்டாவில் பெரியதும் பார்க்கலாம். ஒரு குழல் கைவிட்டால் மற்றது இருக்கும். தோட்டா எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும். அந்த அம்மா கீறல் விழுந்த பழைய துவக்கொன்றைக் கேட்டு வாங்கினார். புதியதும் இருக்கிறதே என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"தம்பி, அங்கை உதவிக்கு ஆள் வராது. உடையக்கூடியது எதையும் நான் கூட்டிக்கொண்டு போறேல்லை. என்ர மனிசனையும் அதாலைதான் இஞ்சை விட்டிட்டுப் போறன்."

அந்தோனி அண்ணையின் ஆயுதம்

இதையெல்லாம் ஒரு ஞாயிறு பூசை முடிந்து அந்தோனி அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம். பல்லரோச் சந்தையில் மரக்கறி இறக்குகிறவர். சண்டைக் காலத்தில் பிள்ளை குட்டியோடு வன்னிக் காட்டில் மாதக்கணக்கில் கிடந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை மறுநாள் சிக்னோர் நினோவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். அதன் பிறகு காட்டுக்குப் போகிற எல்லோரிடமும், "சட்டி என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்.

அந்தோனி அண்ணை சொன்னது: "எங்களிட்டை இருந்தது ஒரு சருவச்சட்டியும் ஒரு லாம்பும். துவக்கு வைச்சிருந்தவங்களிட்டை இருந்து ஒளிக்கத்தான் நாங்கள் காட்டுக்கே போனனாங்கள்."

அகத்தா

சிக்னோர் நினோவின் ஒரே மகள் அகத்தா. புருஷனோடு தென்னமெரிக்காவின் தெற்கு முனையில், பக்கத்து வீட்டுக்கே ஒரு நாள் குதிரையில் போக வேண்டிய இடத்தில், செம்மறி வளர்க்கப் போவதென்று முடிவெடுத்தாள். அங்கே பூமா என்ற பெரிய காட்டுப் பூனை வரும். துவக்கு இல்லாமல் இருக்க ஏலாது. எந்தத் துவக்கு என்று இலக்கம் எழுதிக் கொடுக்காமல் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் அனுமதிக் கடதாசி தர மாட்டார்கள். மற்றவர்களுக்கு ஒரு பின்னேரத்தில் தெரிந்தெடுத்துக் கொடுக்கிற மனிதர், மகளுக்கென்றதும் மாதக்கணக்காக இழுத்தார். இது பாரம், அது நீளம், இதன் விசை இறுக்கம், அதன் மரம் சரியில்லை. புருஷன் முன்னால் போய்விட்டான். பயணச்சீட்டை அவள் இரண்டு தரம் மாற்றினாள்.

ஒரு நாள் கடை நிறைய ஆட்கள் நிற்க, அகத்தா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "பாப்பா, உங்களுக்குப் பிடிக்காதது துவக்கு இல்லை. நான் போறது."

மூன்றாவது துவக்கு

அதன் பிறகுதான் அந்தக் கடைசி நாள். அவர் நெஞ்சு வருத்தக்காரர். ஐஸில் கையை விடாதீர்கள் என்றேன். கேட்கவில்லை. மகளின் கை தன் கையைவிடச் சின்னது, தனக்கு இலகுவாக இருந்தால்தான் அவளுக்கு முடியும் என்றார். முதலாவது ரைபிள்; தோட்டா விழுந்தது, வைத்துவிட்டார். இரண்டாவது, முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற வகை. வழுக்கிய கையில் பாதியில் சிக்கியது. மூன்றாவது, கதவோரம் வருடக்கணக்காகத் தொங்கி, ஒருவரும் திரும்பிப் பாராத மலிவான இரட்டைக்குழல். விறைத்துச் சிவந்த விரல்களால் திறந்தார், போட்டார், மூடினார். தோட்டா விழவில்லை. மற்ற இரண்டையும் துடைக்க என்னிடம் தந்தார். இதைத் தானே துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு கனத்த அலுமினியச் சட்டியும் வைத்தார். இலக்கத்தை எழுதி அகத்தாவுக்கு அனுப்பச் சொன்னார். அடுத்த நாள் காலை, வீட்டில் கோப்பி வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து அகத்தா கடைக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். சட்டியைக் கண்டதும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு என்னை ஐஸ் எடுத்து வரச் சொன்னாள். தகப்பன் நின்ற இடத்தில் நின்று, கையை விட்டு, விறைக்கும் வரை பொறுத்து, தோட்டாவைப் போட்டாள். விழவில்லை.

அடுத்த குளிர்காலம் அங்கிருந்து தொலைபேசியில் என்னோடு கதைத்தாள். விடியப் பட்டிக்குப் பக்கத்தில் பூமா வந்ததாம். புருஷன் ஊரில் இல்லை. செம்மறி ஒன்றுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவள், கை முழுக்க இரத்தத்தோடு, கையுறை இல்லாமல் பனிக்குள் ஓடியிருக்கிறாள். வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அது போய்விட்டது.

"விரல் எனக்கு இருந்ததே தெரியேல்லை, சாவேரியோ. ஆனால் தோட்டாவைப் போடேக்கை எனக்கு மீன் மணம் வந்தது."

இத்தனை வருடம் துவக்குக் கடையில் நின்று ஒரு வெடியும் வைக்காமல் வீடு வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிலோவும் உயிரோடு இல்லை, கடையில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள், வாளி என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.