கிள்ளானில் குளிர்காய ஓர் அடுப்பு

"...குழாய் வெளிய போனாலும் சரி, போகாட்டியும் சரி, என் கொழுந்தன் வெளிய போறதுக்குள்ள அந்தப் படப்புத்தகத்த மூடுறீங்களா இல்லையா?" என்றார் அக்கா, கையில் குழம்புக் கரண்டியோடு.

படப்புத்தகம் என் மடியில்தான் இருந்தது. கொழுந்தன் வாசலில் லோரியில் மெத்தையை ஏற்றி முடித்திருந்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் எப்படி வந்து உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். இதில் பாதித் தப்பு என்னுடையது. மீதிப் பாதி மலாய் மொழியினுடையது.

எண்பதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் எனக்கொரு கடை இருந்தது. கேஸ் அடுப்பு விற்பேன், பழுது பார்ப்பேன், தீர்ந்துபோன கேஸ் சிலிண்டரை, எங்கள் பேச்சில் தோம்பை, மாற்றிக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் அடுப்புப் பெட்டிக்குள் மடித்து வரும் தாள்களில்தான். யாராவது நல்ல பேச்சு பேசினால் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். "நெருப்புன்னு சொன்னா வாயா வெந்துடும்?" என்பதைக்கூட அப்படி எழுதி வைத்திருந்தேன். வேகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கிள்ளானில் லோரி வைத்துத் தொழில் செய்த அண்ணன் ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். மகள் ஸ்காட்லாந்தில் படிக்கிறாள் என்று பார்க்கப் போனார். போகும்போது நல்ல மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தவர் நேரே என் கடைக்கு வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, ஹால்ல சுவத்துக்குள்ள எரியுமே, பயர்பிளேஸ்... அது ஒண்ணு வேணும்."

"அண்ணே, எந்த ஊருக்கு?"

"நம்ம கிள்ளானுக்குத்தான் லா. புது வீடு கட்டுறேன்ல?"

கடை மின்விசிறி தலைக்கு மேலே சுற்றியது. எதிர்க்கடை வாசலில் நாய் ஒன்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிழலைத் தேடிப் போனது. அந்த நாய்க்கு இருந்த அறிவு எங்கள் இருவருக்கும் இல்லை. நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. வியாபாரி சிரித்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பிரிக்பீல்ட்ஸில் அடுத்த கடை ரொம்பப் பக்கம்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருடைய கூட்டாளி வீட்டில் யாரும் வாசிக்காத பியானோ இருந்தது. இன்னொருவர் வீட்டில் யாரும் படிக்காத தடித்த புத்தகங்கள் கண்ணாடி அலமாரியில் இருந்தன. இவர் வீட்டில் யாரும் குளிர்காயாத அடுப்பு இருந்தால் என்ன குறைந்துவிடும்?

வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டுப் படப்புத்தகம் வரவழைத்தேன். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். விஷயம் இதுதான். இந்த அடுப்பில் இரண்டு ஜாதி. ஒன்றுக்குக் குழாய் உண்டு. சுவரைத் துளைத்து வெளியே போகும் அந்தக் குழாய் புகையையும் கெட்ட காற்றையும் கொண்டுபோய் வெளியில் விட்டுவிடும். கூடவே கொஞ்சம் சூடும் வெளியே போய்விடும். மற்றதற்குக் குழாயே கிடையாது. சுவரை உடைக்க வேண்டாம், மாட்டுவது சுலபம். ஆனால் அறையில் இருக்கிற காற்றைத்தான் அது தின்னும். எரிந்து வரும் ஈரமும் அறைக்குள்ளேயே தங்கும். ஜன்னலைத் திறந்து வைக்கவில்லை என்றால் ஆளுக்கு ஆகாது. "ஒரு துளி சூடும் வீணாகாது" என்று அதற்குப் பெரிய எழுத்தில் பெருமை பேசியிருந்தார்கள். எழுதியவன் கிள்ளானுக்கு வந்ததில்லை. சூடு முழுவதும் வீணாகிற மாடல் ஒன்று இருந்தால் அதைத்தான் எங்கள் ஊரில் விற்க முடியும்.

நெருப்பில்லாமல் புகையாது என்று நம் ஆட்கள் சொல்லுவார்கள். புகையாத நெருப்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. எனவே நானே யோசிக்க வேண்டியிருந்தது.

"அண்ணே, நெருப்பு மூட்டினா வீட்டுல உக்கார முடியாதே?"

"ஏர்கோன் போட்டுருவேன்."

"ஏர்கோன் போட்டா கதவு ஜன்னல மூடணும். மூடினா குழாயில்லாதது ஆகாது. மூச்சு முட்டும்."

"தொறந்து வச்சா?"

"ஏர்கோன் குளிரெல்லாம் தெருவுக்குப் போயிடும்."

"அப்ப குழாய் உள்ளதே போடு. நம்ம என்ன சுவத்துக்குப் பயந்தவனா?"

அவருக்குச் சுவரைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் புது வீட்டில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தம்பிக்கென்று ஒதுக்கிய அறை இருந்தது. குழாய் அதன் வழியாகத்தான் போக வேண்டும். தம்பியை மாடிக்கு மாற்றிவிடலாம் என்று அண்ணன் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். என் காதில் போட்டார், தம்பி காதில் போடவில்லை.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கல்யாணமாகி வந்தபோது தம்பிக்குப் பத்து வயது. அண்ணி கையால் தின்று வளர்ந்தவர். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் இல்லை. அண்ணன் லோரிகளில் ஒன்றை ஓட்டிக்கொண்டு அதே வீட்டில் இருந்தார். சண்டை போடத் தெரியாத ஆள். அதுதான் ஆபத்து. சண்டை போடுகிறவன் வீட்டிலேயே இருப்பான். போடாதவன்தான் ஒருநாள் பெட்டியைக் கட்டுவான்.

சுவரில் துளை விடச் சொல்லி வீடு கட்டும் சீன முதலாளிக்கு, தவுக்கேவுக்கு, நான் போன் செய்தேன். பயர்பிளேஸ் என்றேன், அவருக்குப் புரியவில்லை. என் மலாய் சந்தை மலாய். குளிர்காயும் அடுப்புக்கு அதில் சொல் கிடையாது. மலாய்க்காரன் எதற்குக் குளிர்காயப் போகிறான்? ஆகவே "டாப்பூர்" என்று சொல்லிவிட்டேன். ஹாலில் ஒரு டாப்பூர், அதற்குக் குழாய், குழாய் போகும் அறை மாடிக்கு மாறும் என்று. மலாயில் அடுப்பும் டாப்பூர்தான், சமையலறையும் டாப்பூர்தான். தவுக்கே "ஓகே, ஓகே" என்றார். மறுநாள் கட்டட வேலையைப் பார்க்க வந்த தம்பியிடம் அவர் சொன்னது இது:

"அபாங் லூ மாவ் டுவா டாப்பூர். பிலேக் லூ பிண்டா."

உன் அண்ணனுக்கு இரண்டு சமையலறை வேண்டுமாம், உன் அறையை மாற்றுகிறார்கள். அப்படித்தான் தம்பியின் காதில் விழுந்தது. ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு என்றால் தமிழனுக்கு என்ன அர்த்தம் என்று தவுக்கேவுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி என் கடைக்கு வந்தார்.

"ஒத்தை அடுப்பு ஒண்ணு குடுங்க அண்ணே."

"யாருக்கு?"

"எனக்குத்தான். செந்தூல்ல ஃபிளாட் பாத்துட்டேன். ஆளுக்கொரு அடுப்புன்னு ஆயிப்போச்சு. நீங்கதான் அந்த ரெண்டாவது அடுப்பப் போட்டுக் குடுக்கறீங்களாமே? எங்க வீட்டுச் சண்டையில நல்லா குளிர்காயுறீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஐயோ, அது சமையல் அடுப்பு இல்ல லா! ஹால்ல குளிர்காயுற அடுப்பு!" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கிள்ளான்ல? ஹால்ல? குளிர்காய? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லுங்க அண்ணே."

என் ஆயுளில் அன்றைக்குச் சொன்னதைப் போல ஒரு சுத்தமான உண்மையை நான் சொன்னதில்லை. ஒருவரும் நம்பாமல் போனதும் அதைத்தான். அவர் அடுப்புப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, படப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேனில் கிள்ளானுக்குப் போனேன். அவர்கள் இன்னும் பழைய வீட்டில்தான் இருந்தார்கள். வாசலில் லோரி நின்றது. அதில் ஒரு டிரங்குப் பெட்டி, பாய், நான் விற்ற ஒத்தை அடுப்பு. தம்பியை மறித்துப் படத்தைக் காட்டினேன். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கம்பளிச் சட்டையோடு சுவரில் எரியும் நெருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. தம்பி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"சரி அண்ணே, நீங்க பொய் சொல்லல. ஆனா இதுக்குக் குழாய் விட என் ரூம எடுக்கறாரே, அத ஏன் என்கிட்ட சொல்லல?"

உள்ளேயிருந்து அண்ணன் கத்தினார். "மேல பெரிய ரூம் லா உனக்கு! பால்கனி இருக்கு!"

"சொன்னீங்களா?"

தம்பி திரும்பிப் போய் மெத்தையைத் தூக்கினார். நியாயப்படி அண்ணன் எழுந்து போய் மெத்தையின் மறுமுனையைப் பிடித்திருக்க வேண்டும். அவர் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"தம்பி, அப்ப குழாயில்லாத மாடலே போட்டா? அவன் ரூம் தப்பிச்சுரும்ல?"

"மூச்சு முட்டும் அண்ணே."

"ஒரு ஜன்னல மட்டும் தொறந்து வச்சா?"

"எவ்வளவு தொறக்கணும்னு பாக்கணும்..."

என்று நானும் பக்கத்தைப் புரட்டினேனே, அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வெளியே ஒரு மனிதன் இருபது வருட வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறான். உள்ளே இரண்டு பேர், வராத குளிருக்கு எந்த ஜன்னலைத் திறப்பது என்று ஆராய்ச்சி செய்கிறோம். கடைசியில் எந்த மாடல் வாங்கினார் என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டும் இல்லை. அடுப்புக்கென்று சுவரில் விட்ட அந்தப் பள்ளத்தில் பிற்பாடு மீன் தொட்டி வைத்தார். தண்ணீர்தான் அந்த வீட்டுக்குப் பொருத்தம் என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அந்த ஞானம் இல்லை. மெத்தை லோரிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து அக்கா கரண்டியோடு வந்தார். முதலில் சொன்ன அந்தப் பேச்சு அப்போது பேசியதுதான். நான் புத்தகத்தை மூடினேன். அண்ணன் வாயை மூடினார்.

அக்கா எங்கள் பதிலுக்காக நிற்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்குப் போனார். லோரியின் பின்பலகையில் கையை ஊன்றி எட்டி, அடுப்புப் பெட்டியை இழுத்தார்.

"அண்ணி, அது என் அடுப்பு," என்றார் தம்பி.

"நான் இல்லன்னா சொன்னேன்?"

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அட்டையைப் பிய்த்து, தன் பெரிய அடுப்புக்குப் பக்கத்தில், அதே மேடையில் ஒத்தை அடுப்பை வைத்தார். "ஒரு தோம்புலேருந்து ரெண்டுக்கும் இழுக்க முடியும்ல?" என்று என்னைக் கேட்டார். வேனில் இரட்டை வாய்க் குழாய் இருந்தது. கொண்டுவந்து மாட்டினேன், சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தேன். அதற்குள் தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அண்ணனும்.

அக்கா பெரிய அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்பைத் துணியால் பிடித்துத் தூக்கினார். கொழுந்தனின் அடுப்பைப் பற்றவைத்து, அதன்மேல் இறக்கி வைத்து, கரண்டியால் ஒரு சொட்டு எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் விட்டார், உப்புப் பார்க்க.